‘தொற்று சகிப்புத்தன்மை’ என்றால் என்ன? தம்பி தப்பாகப் புரிந்துகொண்டான்

தெப்பக்குளத்துக்காரி
வெள்ளி, இரவு 9.10

வணக்கம். ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கு, பொறுத்துக்கோங்க.

என் தம்பிக்கு சிறுநீரகம் மாற்றி 14 மாதம் ஆகிறது. கொடுத்தது எங்க அம்மா. காலை எட்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் டாக்ரோலிமஸ், புது உறுப்பை உடம்பு தாக்காமல் இருக்கத் தடுப்பாற்றலை அடக்கும் மாத்திரை. அது போக மைக்கோபினோலேட்டும் கொஞ்சம் ஸ்டீராய்டும். இதுவரைக்கும் ஒருவேளை தவறியதில்லை.

போன மாதம் நோயாளிகளுக்கென்று தமிழில் அச்சடித்த ஒரு துண்டறிக்கை அவன் கைக்கு வந்தது. யார் போட்டது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நல்ல எண்ணத்தோடுதான் போட்டிருக்காங்க. அதில் ஒரு வரி: ‘உறுப்பு மாற்றத்தின் எதிர்காலம் தொற்று சகிப்புத்தன்மையில் உள்ளது. அது உண்டாகிவிட்டால் மாத்திரை இல்லாமலே உறுப்பு நிலைக்கும்.’

தம்பி அதைத் ‘தொற்றைச் சகிக்கிற தன்மை’ என்று படித்துவிட்டான். “14 மாசமா சளிகூடப் பிடிக்கல. எனக்கு அது வந்திருச்சு போலக்கா” என்றான். நான் காதில் வாங்கவில்லை. அடுத்த ஞாயிறு குலசாமி கோயில் கிடாவெட்டுக்கு முகக்கவசம் இல்லாமல் போய், பந்தலில் வைத்திருந்த அண்டாத் தண்ணியை மொண்டு குடித்துவிட்டு வந்தான். மூணு நாள் வயிற்றுப்போக்கு. கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்த அளவு) ஏறி, ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்து, இப்போது தேறிவிட்டான்.

நான் கீழவாசல் பக்கம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். ஒரு ‘ச்’ விட்டுப்போனால் பொருள் எப்படிப் புரளும் என்பதைத் தினம் பார்க்கிறவள். அந்த வரி என் கண்ணில் முதலில் பட்டிருந்தால் கேட்டிருப்பேன். ‘தொற்று சகிப்புத்தன்மை’ என்று அறிவியலில் ஒன்று உண்டா? உண்டென்றால் அதற்கு என்ன பொருள்?


கோரிப்பாளையம் லேப்
வெள்ளி, இரவு 9.24

அக்கா, தம்பி தேறி வந்ததே பெரிய விஷயம். வயிற்றுப்போக்கு வந்தால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு எகிறும், அதுவே கிட்னியை அடிக்கும். எங்க லேபுக்கு இப்படி எத்தனையோ பேர் ரத்தம் கொடுக்க வர்றாங்க.

சொல்லைப் பொறுத்தவரை, கிருமி உடம்புக்குள் இருந்தும் உடம்பு அதைத் தாங்கிக்கொண்டு நடமாடுவது என்றுதான் நினைக்கிறேன். ஒரே கிருமி, ஒருத்தர் படுத்துவிடுவார், இன்னொருத்தர் வேலைக்குப் போவார். அந்தத் தாங்குதிறன்தான்.


நாகமலை நிழல்
வெள்ளி, இரவு 9.51

லேப் தம்பி, நீங்கள் சொல்வது உண்மையில் இருக்கிற விஷயம்தான். அதற்கு நோய் தாங்குதிறன் என்று பெயர். இந்த அக்கா கேட்பது அது இல்லை. இரண்டும் சேர்ந்து குழம்புகிற இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். நான் காமராசர் பல்கலைக்கழகத்தில் தடுப்பாற்றலியல் படித்தவள், இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன்.

முதலில் ‘சகிப்பு’. நம் தடுப்பாற்றல் மண்டலம் ஒரு பொருளைப் பார்க்கிறது, அடையாளம் தெரிகிறது, ஆனாலும் அடிக்காமல் விடுகிறது. அதுதான் சகிப்பு. நம் சொந்தத் தோலை, கல்லீரலை, சாப்பிட்ட சோற்றை அடிக்காமல் இருப்பது எல்லாம் இந்த வகை. கிருமி என்ற பேச்சே இங்கே இல்லை.

அடுத்து ‘தொற்று’. அந்த அடிக்காத குணம் ஒரு செல்லிடமிருந்து பக்கத்துச் செல்லுக்குத் தொற்றிக்கொள்கிறது. கொட்டாவி தொற்றிக்கொள்ளும், சிரிப்பு தொற்றிக்கொள்ளும் என்கிறோம் இல்லையா, அந்தத் தொற்றுதல். ஆங்கிலத்தில் ‘infectious tolerance’ என்று பெயர் வைத்தவர்களும் உவமையாகத்தான் வைத்தார்கள். தமிழில் அதைப் பெயர்ச்சொல்லாக்கி ‘தொற்று’ என்று நிறுத்தியதும், கொரோனாவுக்குப் பிறகு நம் எல்லாருக்கும் அது கிருமி ஆகிவிட்டது.

பெயர் பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கெர்ஷன், கொண்டோ என்று இரண்டு பேர். சுண்டெலிக்குள் ஆட்டு ரத்தத்தின் சிவப்பணுவைச் செலுத்தினால் சுண்டெலி அதற்கு எதிர்ப்பொருள் (அந்நியப் பொருளைப் பிடிக்கும் புரதம்) உண்டாக்கும். அளவை மிகவும் கூட்டி, சுண்டெலியின் செல்கள் எதிர்க்காமல் அடங்கிப்போகும்படி செய்தார்கள். பிறகு, எதற்கும் பழகாத புதுச் செல்களை அந்த அடங்கிய செல்களோடு சேர்த்தார்கள். சாதாரணமாக நல்ல எதிர்ப்புக் காட்ட வேண்டிய புதுச் செல்கள் அவை. அவையும் அடங்கிப்போயின. அடக்கம் ஒட்டிக்கொண்டது. 1971இல் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இந்தச் சொல் வந்துவிட்டது.

நம் ஊர்ச் செய்தி ஒன்றும் உண்டு. ஆட்டுச் சிவப்பணு அந்தக் காலத் தடுப்பாற்றல் ஆய்வின் அரிசி பருப்பு மாதிரி. 1970களில் நம் காமராசர் பல்கலைக்கழகத்தில் முத்துக்கருப்பன், பிச்சப்பன் போன்றவர்கள் அதே ஆட்டுச் சிவப்பணுவை ஓணானுக்குச் செலுத்தி, தடுப்பாற்றல் செல்கள் தேறும் இடமான தைமஸ் சுரப்பி அதில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். வேலியில் ஓடுகிற அதே ஓணான்தான். உலகம் சுண்டெலியைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நாகமலை அடிவாரத்தில் ஊர்வனவற்றின் தடுப்பாற்றலைப் பார்த்தார்கள் என்பது எனக்கு இன்னும் பெருமை.


தெப்பக்குளத்துக்காரி
வெள்ளி, இரவு 10.06

அக்கா, இப்போதுதான் மூச்சு வருது. தம்பியிடம் படித்துக் காட்டினேன். அவன் உடனே கேட்கிறான்: “அப்ப அம்மா கிட்னியில இருந்து அந்தக் குணம் எனக்குத் தொத்துமா?” ஆளுக்கு ஆள் தொற்றுமா, ஓர் உடம்புக்குள்ளேயே நடக்கிறதா?


உசிலை கால்நடை
வெள்ளி, இரவு 10.33

கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன்மா. கிட்னி பத்தி எனக்குத் தெரியாது. ஆனா ஆளுக்கு ஆள் போகுமான்னு கேட்டதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

செக்காணூரணிப் பக்கம் ஒரு வீட்ல பசு இரட்டைக் கன்னு போட்டுச்சு. ஒண்ணு காளைக்கன்னு, ஒண்ணு கிடேரி. கிடேரி நல்லா மதமதன்னு வளந்துச்சு. மூணு வருஷமாச்சு, பருவத்துக்கே வரல. அந்தம்மா கலங்கிப்போய் என்னைக் கூப்பிட்டாங்க. நான் பாத்ததும் சொல்லிட்டேன், இது ஈனாதுத்தான்னு. காளையோட சேந்து பிறந்த கிடேரியில நூத்துக்குத் தொண்ணூறு மலடு. வயித்துக்குள்ள ரெண்டு கன்னோட நஞ்சுக்கொடி ரத்தக்குழாயும் இணைஞ்சிரும். காளைக்கன்னோட சுரப்பு கிடேரிக்குப் போயி அதோட கருப்பை சரியா வளராமப் போயிரும்.

சுரப்பு மட்டுமில்ல, ரத்தமும் கலக்குது. அதக் கண்டுபிடிச்சவர் ரே ஓவன்னு அமெரிக்காவுல விஸ்கான்சின்காரர், 1945. இரட்டைக் கன்னு ஒவ்வொண்ணோட உடம்புலயும் ரெண்டு விதமான ரத்தம் ஓடுறதப் பாத்தாரு. தன் ரத்தம் ஒண்ணு, கூடப் பிறந்ததோட ரத்தம் ஒண்ணு. பிறந்து வருஷக்கணக்கா ஆகியும் ரெண்டும் சண்டை போடாம ஓடிக்கிட்டு இருக்கு. அடுத்தவன் ரத்தம் உள்ள வந்தா உடம்பு அடிச்சு விரட்டணுமே, ஏன் விரட்டல? வயித்துக்குள்ள இருக்கயிலேயே பழகிருச்சு. எங்க பயிற்சியில இத ஒரு பத்தியில சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்கு மட்டும் மனசுல நின்னுபோச்சு.


நாகமலை நிழல்
வெள்ளி, இரவு 10.58

ஐயா, நீங்கள் சொன்ன அந்தக் கன்றுதான் இந்தத் துறைக்கே தொடக்கம். ஓவன் பார்த்ததை வைத்து ஆஸ்திரேலியாவில் பர்னெட், உடம்பு தன்னையும் பிறத்தியையும் பிரித்தறியப் பிறப்பதற்கு முன்பே கற்றுக்கொள்கிறது என்றார். இங்கிலாந்தில் மெடவார் குழு இரட்டைக் கன்றுகளுக்கிடையே தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தது. ஒட்டிக்கொண்டது. 1953இல் அதே காரியத்தைச் சுண்டெலிக் கருவில் செயற்கையாகவே செய்து காட்டினார்கள். 1960இல் பர்னெட்டுக்கும் மெடவாருக்கும் நோபல்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். ஆளுக்கு ஆள் தொற்றாது. தும்மினாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ வருவதில்லை. அம்மாவின் சிறுநீரகமும் அதைத் தானாகக் கொண்டு வந்து இறக்கிவிடாது. இது ஓர் உடம்புக்குள், டி செல்லிலிருந்து டி செல்லுக்கு நடக்கிற விஷயம். டி செல் என்பது தடுப்பாற்றலை நடத்தும் ஒரு வகை வெள்ளையணு. ஆய்வுக்கூடத்தில் ஒரு சுண்டெலியின் செல்லை எடுத்து இன்னொன்றுக்குச் செலுத்தினால் கடத்தலாம், அவ்வளவுதான்.

இதை ஆணித்தரமாகக் காட்டியது 1993இல் கேம்பிரிட்ஜில் ஹெர்மன் வால்ட்மன் குழு. அந்தச் சோதனையை நான் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுத்தான் சொல்வேன். இங்கே வார்த்தையில் முயல்கிறேன்.

ஒரு சுண்டெலிக்கு வேறொரு வகைச் சுண்டெலியின் தோலை ஒட்டுகிறார்கள். டி செல்லைக் கொல்லாமல் அதன் கையை மட்டும் கொஞ்ச நாள் கட்டிப்போடும் எதிர்ப்பொருளைக் கொடுக்கிறார்கள். அந்த மருந்து போன பிறகும் தோல் நிலைத்துவிடுகிறது. சகிப்பு வந்துவிட்டது. இப்போது அந்தச் சுண்டெலிக்குள் புதிய டி செல்களைச் செலுத்துகிறார்கள். அவை வந்த வேகத்தில் தோலை அடித்து உதிர்த்திருக்க வேண்டும். உதிர்க்கவில்லை. பழைய செல்கள் விடவில்லை.

அடுத்ததுதான் முக்கியம். பழைய செல்லும் புதிய செல்லும் சில வாரம் ஒன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, பழைய செல்களை மட்டும் அடையாளம் வைத்து நீக்கிவிடுகிறார்கள். காவலுக்கு நின்றவர்கள் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது சண்டைக்கென்று வந்த புதிய செல்கள் மட்டுமே. தோல் அப்படியே இருந்தது. புதிதாக வந்தவையும் குணம் மாறிவிட்டன. மாறியது மட்டுமில்லை, அடுத்து வந்த செல்களையும் அவை அடக்கின. ‘தொற்றும்’ என்ற சொல்லுக்கு முழுத் தகுதி இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. வெறுமனே அடக்குவதற்கு அந்தச் சொல் தேவையில்லை. அடங்கியது தானே அடக்குவதாக மாறுகிறதே, அதற்குத்தான் அந்தச் சொல்.


பழைய பாடநூல்
சனி, காலை 6.15

மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன். ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கெர்ஷன் காலத்து ‘அடக்கும் டி செல்’ என்ற கருத்தே பிறகு கைவிடப்பட்டது. 1976இல் ‘ஐ-ஜே’ என்று ஒரு மரபணு இடத்தைச் சொன்னார்கள். அடக்கும் செல்லின் அடையாளமே அதுதான் என்று நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. 1980களின் தொடக்கத்தில் அந்தப் பகுதியின் டி.என்.ஏ.வைப் பிரித்துப் பார்த்தால் அப்படி ஒரு மரபணுவுக்கு அங்கே இடமே இல்லை. அதோடு துறை முழுக்க அந்தப் பேச்சே நின்றுபோனது. இப்படிச் சரிந்த கருத்தின் சொல்லை நோயாளி கையில் கொடுக்கும் தாளில் போடுவது எந்த வகையில் சரி?


நாகமலை நிழல்
சனி, காலை 7.40

ஐயா, நீங்கள் சொன்ன ஒவ்வொரு வரியும் சரி. ஐ-ஜே இல்லவே இல்லை. ஆனால் ஐ-ஜே என்பது அந்தச் செல்லுக்கு ஒட்டிய முகவரிச் சீட்டு. சீட்டு பொய் என்று ஆனதும் வீடும் பொய் என்று எல்லாரும் திரும்பிப் போய்விட்டார்கள். வீடு அங்கேதான் இருந்தது. கெர்ஷன் 1983இல் இறந்துவிட்டார், அதைப் பார்க்கவில்லை. அவரை நினைத்தால் எனக்கு எப்போதும் மனசு கனக்கும்.

ஜப்பானில் ஒருவர் மட்டும் திரும்பிப் போகவில்லை, ஷிமோன் சகாகுச்சி. 1969இலேயே ஒரு விசித்திரம் தெரிந்திருந்தது: பிறந்து மூன்றாம் நாள் சுண்டெலிக் குட்டியின் தைமஸை எடுத்துவிட்டால், டி செல் தேறும் இடமே அதுதான் என்பதால், டி செல் குறைந்து குட்டி சாதுவாக இருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். தன் உறுப்பையே அது தாக்கியது. அப்படியென்றால் தைமஸிலிருந்து வருகிற ஏதோ ஒன்று மற்றவற்றைப் பிடித்து வைத்திருந்தது. அதைத் தேடித் தேடி 1995இல் சகாகுச்சி கண்டார்: சிடி4 என்ற அடையாளம் கொண்ட டி செல்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து, மேலே சிடி25 என்ற அடையாளம் தாங்கியவை. அவற்றை நீக்கிவிட்டு மிச்சத்தைச் செலுத்தினால் சுண்டெலிக்குப் பல உறுப்பிலும் தன்னைத்தானே தாக்கும் நோய்.

2001இல் அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும், ஆண் குட்டிகள் தோல் செதில் செதிலாகி இளம் வயதிலேயே செத்துப்போகும் ஒரு சுண்டெலி வகையில் பழுதான மரபணுவைப் பிடித்தார்கள். ஃபாக்ஸ்பி3. மனிதக் குழந்தைகளில் அதே மரபணு பழுதானால் பச்சிளம் வயதிலேயே சர்க்கரை, தோல் அழற்சி, நிற்காத வயிற்றுப்போக்கு. சகாகுச்சியின் செல்லை உருவாக்குவதே அந்த மரபணுதான் என்று 2003இல் தெளிவானது. இந்த மூவருக்கும்தான் 2025 மருத்துவ நோபல்.

அதனால் ஐயா, சொல் பழையது, ஆனால் இன்று அதற்குக் கீழே தரை இருக்கிறது. 2002இல் மனிதச் செல்லிலேயே ஆய்வுக்கூடத் தட்டில் இது காட்டப்பட்டது. ஒழுங்காற்று டி செல்லோடு, அதாவது சகாகுச்சி கண்ட அந்தச் செல்லோடு, சாதாரண டி செல்லைச் சேர்த்து வைத்தால், சாதாரணச் செல்லும் அடக்கும் வேலையைக் கற்றுக்கொள்கிறது. அதற்கு ஊடகமாக டிஜிஎஃப் பீட்டா, ஐஎல்-10 என்ற புரதச் செய்திகள் உண்டு. சாதாரண டி செல்லின் மேல் டிஜிஎஃப் பீட்டா பட்டால் அதற்குள் ஃபாக்ஸ்பி3 விழித்துக்கொள்ளும்.


பழைய பாடநூல்
சனி, காலை 8.02

ஏற்றுக்கொள்கிறேன். நான் பணியில் இருந்தபோது எங்களுக்கு வந்த நூல்கள் 1980களோடு நின்றுவிட்டன. இதை நடத்தாமலே ஓய்வு பெற்றது வருத்தம்தான்.


தெப்பக்குளத்துக்காரி
சனி, காலை 10.20

காலையில் அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா ஐந்தாவது வரைக்கும் படித்தவர். கேட்டுக்கொண்டே முதல்நாள் தயிரில் ஒரு கரண்டி எடுத்து, ஆறின பாலில் விட்டுக் கலக்கி மூடி வைத்தார். அப்புறம் சொன்னார்: “இதானடி அது. உறை ஊத்துற மாதிரி. ஒரு கரண்டி தயிர் ஒரு பானைப் பாலத் தயிராக்குது. நாளைக்கு அந்தப் பானையில இருந்து ஒரு கரண்டி எடுத்தா அடுத்த பானைக்கு உறை. முதக் கரண்டி எங்க போச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

அக்கா, இது சரியா? எனக்குச் சரியாகத்தான் படுகிறது. பழைய செல்லை நீக்கிய பிறகும் குணம் நின்றது என்றீர்களே, அது முதல் கரண்டி.


நாகமலை நிழல்
சனி, காலை 11.05

உங்கள் அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. திங்கட்கிழமை வகுப்பில் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஓர் இடத்தில் மட்டும் உவமை இடறும், அதையும் சொல்லிவிடுவது நல்லது. உறையில் நடப்பது, தயிரில் இருக்கும் நுண்ணுயிர் பெருகிப் பாலை மாற்றுவது. பால் சும்மா கிடக்கிறது. இங்கே பழைய செல் பெருகித்தான் ஆக வேண்டும் என்று இல்லை, புதிய செல் தானே மனம் மாறுகிறது. ஊரில் பங்காளிச் சண்டைக்குக் கம்பெடுத்து வந்தவரைப் பெரியவர்கள் உட்காரவைத்துப் பேச, அடுத்த தடவை அவரே நடுவில் நின்று விலக்கிவிடுகிறாரே, அது இன்னும் நெருக்கம். ஆனால் மனசில் நிற்பது உறைதான்.

உறை இன்னொன்றையும் அழகாக விளக்குகிறது. உறை எந்தப் பானையில் விழுந்ததோ அந்தப் பானைதான் தயிராகும், பக்கத்துப் பானை பாலாகவே இருக்கும். இதற்கும் நேர்ச் சோதனை உண்டு. ‘அ’ வகைத் தோலைச் சகிக்கப் பழகிய சுண்டெலிக்கு ‘ஆ’ வகைத் தோலைத் தனியாக ஒட்டினால் உதிர்த்துவிடும். அதே ‘ஆ’ அடையாளம் ‘அ’ அடையாளத்தோடு ஒரே செல்லில் சேர்ந்து வந்தால், அதாவது அவற்றின் கலப்புக் குட்டியின் தோலை ஒட்டினால், பெரும்பாலும் விட்டுவைக்கிறது. பிறகு ‘ஆ’வைத் தனியாகக் கொண்டுவந்தாலும் பொறுத்துக்கொள்கிறது. ‘அ’வுக்குப் பழகிய செல் இருக்கிற இடத்தில், அதே மேடையில், ‘ஆ’வுக்கான செல்லும் பாடம் கேட்டுவிட்டது. இது உறுப்பு மாற்றத்துக்கு எவ்வளவு பெரிய செய்தி பாருங்கள். கொடையாளியின் எல்லா அடையாளத்துக்கும் உடம்பைத் தனித்தனியாகப் பழக்க வேண்டாம், ஒன்றிரண்டுக்குப் பழக்கினால் மிச்சம் அதன் வழியே பழகலாம். துண்டறிக்கையில் ‘எதிர்காலம்’ என்று எழுதியவர் மனசில் இருந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதே நேரத்தில், கிருமிக்கு எதிரான சண்டை நிற்காது. அது வேறு பானை.


கோரிப்பாளையம் லேப்
சனி, காலை 11.32

முதலில் நான் சொன்னது தப்பு, திருத்திக்கிறேன் அக்கா. அவசரப்பட்டுட்டேன். ஒரு சந்தேகம்: அப்போ தம்பி இப்போ சாப்பிடுற மாத்திரையே இந்தச் சகிப்பை உண்டாக்கிடாதா? 14 மாசம் சண்டை இல்லாம இருக்கே.


நாகமலை நிழல்
சனி, பகல் 12.10

இதைப் பலரும் கேட்பார்கள். மாத்திரை செய்வது வேறு. டாக்ரோலிமஸ், டி செல்லுக்குள் கால்சினியூரின் என்ற நொதியை மறித்து, ஐஎல்-2 என்ற செய்தியை எழுதவிடாமல் செய்கிறது. சண்டைச் செல் பெருக ஐஎல்-2 வேண்டும், அதனால் சண்டை நிற்கிறது. ஆனால் சமாதானச் செல்லும், அதாவது ஒழுங்காற்று டி செல்லும், ஐஎல்-2 இல்லாமல் வாழாது. அதனால் மாத்திரையால் வந்த அமைதி கற்றுக்கொண்ட அமைதி ஆகாது. ஆற்றில் தண்ணி வராமல் மதகை மூடி வைத்திருக்கிறோம், திறந்தால் வரும். மதகை மூடியிருப்பதால்தான் கிருமியையும் எதிர்க்க ஆள் குறைவு. தம்பி அண்டாத் தண்ணியில் அனுபவித்தது அதைத்தான்.


ஒன்பதாவது வருசம்
சனி, பிற்பகல் 3.45

நான் மேலூர்ப் பக்கம். எனக்கும் கிட்னி மாத்தினதுதான், அண்ணன் கொடுத்தது, ஒன்பதாவது வருசம் நடக்குது. இந்த இழையை ஆரம்பத்துல இருந்து வாசிச்சிட்டு எழுதாம இருக்க முடியல.

நாலாவது வருசம் எனக்கும் தம்பி நினைச்ச மாதிரியேதான். உடம்பு பழகிருச்சு, இனி எதுக்கு மாத்திரைன்னு தோணிருச்சு. யாரும் சொல்லல, நானா நினைச்சேன். ரெண்டு வாரம் நிறுத்தினேன். முதல் வாரம் ஒண்ணுமே தெரியல. வயல் வேலைகூடப் பாத்தேன். பத்து நாள் கழிச்சு காலையில செருப்பு போடும்போது கால் உள்ள போகல, அம்புட்டு வீக்கம். கிரியேட்டினின் 1.3 இருந்தது 3.6. ஊசி போட்டு சதை எடுத்துப் பாத்து, நரம்பு வழியா ஸ்டீராய்டு ஏத்தி, காப்பாத்திட்டாங்க. ஆனா திரும்ப 1.3க்கு வரவே இல்ல. இப்ப 2.1. எங்கண்ணன் முகத்தப் பாத்து அதச் சொன்ன நாள் எனக்கு மறக்காது. அவர் ஒண்ணும் திட்டல. “மாத்திரைக்கு அலாரம் வச்சியா?”ன்னு மட்டும் கேட்டாரு.

தம்பிகிட்ட சொல்லும்மா. எனக்கு போன் பண்ணணும்னா இங்கயே தனிச் செய்தி அனுப்பச் சொல்லு.


தெப்பக்குளத்துக்காரி
சனி, மாலை 6.30

அண்ணே, படித்துவிட்டுத் தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. உங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கான்.

இப்போது எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்தத் துண்டறிக்கை போட்டவர்களிடம் பேசினேன். மறு அச்சில் திருத்தித் தருகிறோம், நீங்களே வரியைக் கொடுங்கள் என்றார்கள். என்ன சொல் போடுவது? என் மனசில் இருப்பவை: பரவும் சகிப்பு, பற்றும் பொறுதி, உறைப் பொறுதி.


உசிலை கால்நடை
சனி, இரவு 7.05

சகிப்புங்கிறது பிடிக்காததப் பல்லைக் கடிச்சிட்டுப் பொறுத்துக்கிறதும்மா. கன்னுக்குட்டி ரத்தம் அப்படியா கிடந்துச்சு? ஒத்துப்போயிருச்சு. ‘இணக்கம்’னு போடுங்க.


பழைய பாடநூல்
சனி, இரவு 7.20

இணக்கம் நல்ல சொல். ஆனால் பாடநூல்களிலும் மருத்துவர் பேச்சிலும் சகிப்புத்தன்மை என்றுதான் வருகிறது. நோயாளி நாளைக்கு வேறு தாளில் அதே விஷயத்தைத் தேடினால் கிடைக்க வேண்டும். சொல்லை மாற்றாதீர்கள், அடைமொழியை மாற்றுங்கள். குற்றம் செய்தது ‘தொற்று’தான். அது பெயராக நின்றால் கிருமி, வினையாக ஓடினால் பரவல். எது எதற்குப் பரவுகிறது என்பதையும் சொல்லிவிட்டால் ஆளுக்கு ஆள் பரவுமோ என்ற பயமும் இராது.


நாகமலை நிழல்
சனி, இரவு 7.34

ஐயா சொல்வதே சரி. ‘செல்லுக்குச் செல் பரவும் சகிப்பு’. நீளம்தான், ஆனால் தப்பாகப் படிக்க வழியில்லை.

வரியின் இரண்டாம் பாதியையும் மாற்றுங்கள். ‘மாத்திரை இல்லாமலே’ என்பது இப்போதைக்கு எல்லாருக்கும் கிடைக்கிற விஷயம் அல்ல. 2008இல் பாஸ்டனில் ஒரே கொடையாளியின் சிறுநீரகத்தையும் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்து ஐந்து பேருக்கு வைத்தார்கள், அதில் நான்கு பேர் மருந்தை நிறுத்த முடிந்தது. அதற்கு முன் அவர்கள் உடம்பைத் தயார் செய்த சிகிச்சை கடுமையானது, எல்லாம் மருத்துவர் கண்காணிப்பில் நடந்தது. ஒழுங்காற்று டி செல்லை வெளியே பெருக்கித் திரும்பச் செலுத்தும் முயற்சிகளும் நடக்கின்றன. ஒருவர் உடம்பில் இந்தச் சகிப்பு வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லும் அன்றாட ரத்தப் பரிசோதனை எதுவும் நம் லேப்களில் இல்லை. சளி பிடிக்காததும் அதற்கு அடையாளம் இல்லை.


தெப்பக்குளத்துக்காரி
ஞாயிறு, காலை 9.15

மறு அச்சுக்குக் கொடுத்த வரி இது. யாருக்காவது இடறினால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள், நாளை காலை தகடு போட்டுவிடுவார்கள்.

‘பொருத்திய உறுப்பைத் தாக்காமல் விடும் குணம், உடம்புக்குள் ஒரு செல்லிடமிருந்து அடுத்த செல்லுக்கு, பாலில் விட்ட உறை போலப் பரவக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இதைச் செல்லுக்குச் செல் பரவும் சகிப்பு என்கிறோம். இது கிருமித் தொற்றைத் தாங்கும் சக்தி அல்ல. இது உங்களுக்கு வந்துவிட்டதா என்று நீங்களாக அறிய முடியாது. மாத்திரையை நிறுத்தாதீர்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையே குடியுங்கள்.’

கடைசி வரி தம்பி சேர்க்கச் சொன்னது.


பழைய பாடநூல்
ஞாயிறு, காலை 9.40

‘காய்ச்சி ஆறவைத்த’ ஒட்டி வந்திருக்கிறதா, இடைவெளி விட்டா? திரையில் தெளிவாகத் தெரியவில்லை. மற்றபடி ஒரு பிழையும் இல்லை.


தெப்பக்குளத்துக்காரி
ஞாயிறு, காலை 9.44

இடைவெளி விட்டுத்தான் ஐயா. தகட்டிலும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.